ஹேமண்ட் விதியில் நான் மார்க் விட்ட இடம்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை முதல் தடவை எழுதியபோது ஆர்கானிக்கில் எனக்கு அடி விழுந்தது பெயர் வினைகளில் இல்லை. "இந்தத் தொகுதியை மாற்றினால் டிரான்சிஷன் ஸ்டேட், அதாவது வினைப்பாதையின் ஆற்றல் உச்சியில் உள்ள நிலை, எந்தப் பக்கம் நகரும்?" என்ற வகைக் கேள்விகளில்தான். (இடைநிலை என்று தமிழில் எழுதினால் இன்டர்மீடியட்டோடு குழம்பிவிடும், அதனால் டி.எஸ். என்றே எழுதுகிறேன்.) வேதியியலாளர் ஹேமண்ட் 1955இல் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பிப்பேன்: ஆற்றலில் பக்கத்தில் இருப்பவை உருவத்திலும் பக்கத்தில் இருக்கும். ஒப்பித்து என்ன பயன், அதை வைத்து ஒரு எண்ணை வரவழைக்கத் தெரியவில்லை.

இரண்டாம் முறை புரொப்பேனிலிருந்து ஆரம்பித்தேன்: அதிலிருந்து ஹாலஜன் அணு ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் மிஞ்சுவது ரேடிக்கல், இணையில்லாத ஒற்றை எலக்ட்ரான் உள்ள துண்டு. ஓரத்து கார்பனில் வரும் ஓரிணைய ரேடிக்கலைவிட நடு கார்பனில் வரும் ஈரிணைய ரேடிக்கல் ஆற்றலில் சுமார் 3 கிலோகலோரி கீழே இருக்கிறது. குளோரின் வந்தாலும் புரோமின் வந்தாலும் இந்த 3 மாறாது. மாறுவது, அதில் எவ்வளவு டி.எஸ்.ஸில் தெரிகிறது என்பதுதான். குளோரின் அணு ஹைட்ரஜனைப் பிடுங்குவது வெப்பம் உமிழும் படி. உச்சி சீக்கிரமே வந்துவிடும், அங்கே ரேடிக்கல் இன்னும் சரியாக உருவாகவில்லை, ஆகவே 3இல் 1 அளவுதான் தெரிகிறது. புரோமினுக்கு அதே படி வெப்பம் கொள்ளும். உச்சிக்குப் போகும்போது ரேடிக்கல் கிட்டத்தட்ட பிறந்தே விட்டது, 3உம் முழுசாகத் தெரிகிறது.

இப்போது கணக்கு. ஒரு ஹைட்ரஜனுக்கு என்று பார்த்தால் குளோரினுக்கு வேக விகிதம் ஏறக்குறைய 1:4, புரோமினுக்கு 1:82. ஓரிணைய ஹைட்ரஜன் 6, ஈரிணையம் 2. குளோரினுக்கு 6:8, அதாவது 2-குளோரோபுரொப்பேன் 57 சதவீதம். புரோமினுக்கு 6:164, 2-புரோமோபுரொப்பேன் 96 சதவீதத்துக்கு மேல். இத்தனைக்கும் 82 என்பது 125 டிகிரியில் வந்த எண், குளோரினுடையது 25 டிகிரியில். சூட்டில் தேர்வுத்திறன் குறையும் என்பார்கள், குறைந்தும் இவ்வளவு! இதை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

அடுத்து நான் வழுக்கியது இ2 நீக்கத்தில்: காரம் ஹைட்ரஜனை எடுக்க, ஹாலஜன் வெளியேற, இரண்டும் ஒரே படியில் நடந்து இரட்டைப் பிணைப்பு வரும் வினை. 2-ஹாலோஹெக்சேனோடு சோடியம் மெத்தாக்சைடு. அதிகம் கிளைத்த இரட்டைப் பிணைப்பே முதன்மையாக வரும் என்ற சேட்செஃப் விதியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு 2-ஹெக்சீனை டிக் செய்தேன். ஹாலஜன் ஃபுளோரின் என்பதைக் கவனிக்கவே இல்லை. அயோடைடில் 1-ஹெக்சீன் 19 சதவீதம், புரோமைடில் 28, குளோரைடில் 33, ஃபுளோரைடிலோ 70. ஃபுளோரின் லேசில் வெளியேறாது. அதற்குள் ஹைட்ரஜன் பாதிக்கு மேல் கழன்று, கார்பனில் எதிர்மின்சுமை சேர்ந்துவிடுகிறது. அந்தச் சுமையை ஓரத்து கார்பன் நன்றாகத் தாங்கும். ஆகவே விடை 1-ஹெக்சீன்; எனக்கு நெகட்டிவ் மார்க்கும் சேர்ந்து போனது.

இங்கேதான் ஹேமண்ட் மட்டும் போதாது. இரண்டு பிணைப்புகள் எவ்வளவு உடைந்தன என்று இரு பக்கங்களில் காட்டும் மோர் ஓ'ஃபெரால்–ஜெங்க்ஸ் சதுரத்தை ரஃப் தாளில் வரைந்து பழகுங்கள். இடது கீழ் மூலை வினைபடுபொருள், எதிர் மூலை விளைபொருள். மற்ற இரண்டில் ஒன்று கார்போகேட்டயான் (வெளியேறும் தொகுதி மட்டும் போன நிலை), ஒன்று கார்பனயான் (ஹைட்ரஜன் மட்டும் போன நிலை). நல்ல வெளியேறும் தொகுதி வந்தால் விளைபொருள் மூலையும் கேட்டயான் மூலையும் ஆற்றலில் இறங்கும். வினைப்பாதை நெடுக டி.எஸ். இறங்கிய விளைபொருள் மூலையை விட்டு விலகும், இது ஹேமண்ட். பாதைக்குக் குறுக்கே இறங்கிய கேட்டயான் மூலையை நோக்கியே போகும், இது அதற்கு நேர் எதிர். இரண்டு அம்பையும் கூட்டினால், ஹைட்ரஜன் பிணைப்பு முன்னைவிடக் குறைவாக உடைந்திருக்கும், வெளியேறும் தொகுதியின் பிணைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். "நல்ல தொகுதி என்றால் அது சீக்கிரம் உடையும்" என்று ஒரு ஆப்ஷன் கட்டாயம் இருக்கும், மயங்காதீர்கள்.

சரி, இதே சதுரத்தில் ஃபுளோரைடை வைத்து இரண்டு அம்பையும் திருப்பிப் போடுங்கள். ஹைட்ரஜன் முறிவு மட்டும் கூடிய இடத்தில் டி.எஸ். போய் நிற்கும், அந்த 70 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.