பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) செய்முறைப் பரீட்சை: பால் கலப்படக் கேள்விக்கு எப்படித் தயாராவது

பால் கலப்படம் என்றதும் பலர் பாலின் அடர்த்தியைக் காட்டும் லக்டோமீற்றரைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதிவிடுகிறார்கள். லக்டோமீற்றர் தருவது சந்தேகம் மட்டும்தான். வழக்குக்கு வேண்டியது மாதிரி. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரியை மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு விற்பவருக்கு.

மூன்று போத்தலிலும் ஒரே பால் இருக்கவேண்டும் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. கானில் நிற்கும் பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். கலக்காமல் மேலால் மொண்டால் முதற்போத்தல் தடிப்பு, கடைசிப் போத்தல் தண்ணி. ஆகவே அடிவரை கலக்கியபிறகே எடுங்கள். சின்னப் பாத்திரமென்றால் இரண்டு மூன்று தடவை மாற்றி ஊற்றினால் போதும். போத்தல் உலர்ந்திருக்க வேண்டும். கழுவிய ஈரம் நின்றால் தண்ணீர் கலந்தவர் பரிசோதகரே!

அடுத்தது லக்டோமீற்றர் வாசிப்புக்கான வெப்பநிலைத் திருத்தம். திருகோணமலை வெயிலில் பால் 30 பாகையில் நிற்கிறது, கருவி 20 பாகைக்கு அளவுகுறிக்கப்பட்டது, வாசிப்பு 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகைக்கு 0.2 வீதம் 10 பாகைக்கு 2 கூட்டினால் 28. திருத்தாமல் விட்டால் நேர்மையான பால்காரர் மாட்டிக்கொள்வார். கறந்த சூட்டோடு வாசித்தாலும் காற்றுக்குமிழியால் குறைவாகவே காட்டும்.

வாய்மொழிப் பரீட்சைக்கு ஏற்ற கேள்வி ஒன்று: வாசிப்பு சரி, பால் கலப்படம், எப்படி? ஆடையை எடுத்தால் வாசிப்பு ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்தால் கருவி ஏமாந்துபோகும். அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்கிறோம்.

கொழுப்பை அளக்கும் கேர்பர் முறையில் குழாய்க்குள் முதலில் சல்பூரிக் அமிலம் 10 மில்லிலீற்றர், பிறகு பால் 10.75, அமைல் அற்ககோல் 1. பாலைக் குழாயின் சுவரோடு மெதுவாக விடுங்கள். அமிலத்தின்மேல் நேரே கொட்டினால் பால் கருகும். அடைப்பானை இறுக்கி, துணியால் சுற்றிப் பிடித்துக் குலுக்குங்கள், குழாய் நன்றாகச் சூடாகும். மையநீக்கியில் சுற்றி, 65 பாகைத் தண்ணீரில் வைத்து வாசியுங்கள். கொழுப்புக்கு அடியில் கறுப்புத் துணிக்கை நின்றால் அமிலம் கடுமை என்று எழுதுங்கள், வாசிப்பை ஏற்காதீர்கள்.

கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்துச் சட்டித் தயிருக்கு லக்டோமீற்றர் உதவாது. தடிப்புக்கு மா சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க, சிறிதளவை தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அயடீன் ஒரு துளி விடுங்கள். நீலம் வந்தால் மாப்பொருள். ஆறவிடாமல் விட்டால் நிறம் வராது. 'கலப்படமில்லை' என்று பிழையாக எழுதிவிடுவீர்கள்.

கிருமிப் பரிசோதனைக்கான மாதிரி வேறு: கிருமிநீக்கிய போத்தல், ஐஸ் பெட்டி, பால் கெடாமல் வைக்கும் போமலின் ஒரு துளிகூடக் கூடாது.