மாடு ஏன் நொண்டியது: இறுதியாண்டு அனிமேஷன் ப்ராஜெக்டும் ஃபிரேம் ரேட்டும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நாங்கள் மூன்று பேர் எடுத்துக்கொண்டது கவலை இறைப்பு. பம்புசெட் வருவதற்கு முன் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த முறை அது. காங்கேயம் மாடுகள் வாரியில், அதாவது கிணற்றோரச் சரிவில், இறங்கும்போது சால் என்ற தண்ணீர்ப் பாத்திரம் மேலே வரும். பின்வாங்கி ஏறும்போது கிணற்றுக்குள் போகும். கையால் வரைந்த மூன்று நிமிடப் படம். பல்லடம் பக்கம் இளவயதில் கவலை ஓட்டிய எங்கள் அப்பாருதான் (தாத்தா) குரல் கொடுத்தார்.

முதல் முழு எடிட்டை அவரிடம் காட்டினேன். “மாடு ஏங்கண்ணு நொண்டுது?” என்றார்.

“நல்லாத்தானுங்க அப்பாரு வரைஞ்சோம்.”

“இல்ல, நடையில என்னமோ தட்டுது. மறுக்காப் போடு.”

வைவாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

வரைந்ததில் பிழை இல்லை. பிழை ஃபிரேம் ரேட்டில், அதாவது வினாடிக்குத் திரையில் எத்தனை ஃபிரேம் (நிலைக்காட்சி) ஓடுகிறது என்ற கணக்கில். வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி, வினாடிக்கு 12 படம் வரைந்திருந்தோம். ஆனால் எடிட் மென்பொருளில் ஷாட்டுகளை அடுக்கிய டைம்லைன் 25 ஃபிரேமில் இருந்தது. லேப் கணினியில் முன்கூட்டியே வைத்திருந்த அமைப்பு (ப்ரீசெட்) அது. இந்தியத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 25 ஃபிரேமில் ஓடியதால் இன்னும் பல இடங்களில் அதுவே தயாராக இருக்கும். 24-ஐ 25-க்குள் வைத்தால் மென்பொருள் வினாடிக்கு ஒரு ஃபிரேமை இரண்டு தடவை போட்டு இடத்தை நிரப்பும். ஒரு படம் மட்டும் மூன்று ஃபிரேம் நிற்கும். வினாடிக்கு ஒருமுறை மாட்டின் கால் தயங்கும். நின்று பேசும் பாத்திரத்தில் இது கண்ணுக்குப் படாது. சீராக நடக்கும் மாட்டிலும் பக்கவாட்டில் நகரும் பின்னணியிலும் தப்பாமல் தெரியும். 30-ல் வைத்திருந்தால் ஒரு படம் இரண்டு, அடுத்தது மூன்று என்று நடை முழுவதும் சீர் கெட்டிருக்கும்.

அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலந்து இடைவெளியை நிரப்பும் ஃபிரேம் பிளெண்டிங் போட்டுப் பார்த்தோம். கொம்புக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கொம்பு முளைத்தது. அசைவைக் கணித்து இடை ஃபிரேம்களை உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ, கோடுகளையே நெளிய வைத்தது. கேமராவில் எடுத்த காட்சிக்கு இவை உதவலாம்; கோட்டுச் சித்திரத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். இரண்டு நாள் அதில் போயிற்று. கடைசியில் செய்தது, 24-ல் புதிய ப்ராஜெக்ட் திறந்து எல்லாவற்றையும் அதற்குக் கொண்டுவந்ததுதான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் முதல் கிளிப்பை உள்ளே எடுக்கும்போது, ரேட் பொருந்தாவிட்டால், ப்ராஜெக்ட் ரேட்டை மாற்றவா என்று கேட்கும். படிக்காமல் அழுத்திவிடாதீர்கள். மீடியா உள்ளே வந்த பிறகு அந்த ரேட் பூட்டிக்கொள்ளும்.

பிஎன்ஜி வரிசையில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படக்கோப்பாக இருக்கும் தொகுப்பில், வேறொரு சிக்கல். ஒரு ஷாட்டுக்கு 240 படங்கள். 24-ல் 10 வினாடி வர வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் 8 வினாடிதான் வந்தது, சுமை இழுக்கும் மாடு துள்ளி ஓடியது. படக்கோப்புக்குள் ஃபிரேம் ரேட் என்ற தகவலே கிடையாது. மென்பொருள் தன் வழக்கப்படி 30 என்று எடுத்துக்கொண்டது. கோப்பை எந்த ரேட்டில் படிக்க வேண்டும் என்று சொல்லும் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் 24 கொடுத்ததும் சரியானது.

அதிகம் படுத்தியது போன் வீடியோதான். கடைசிக் காட்சியில் இன்றைய பாழுங்கிணறும் அதன் ஓரத்தில் அப்பாரு பேசுவதும் வரும். போனில் 30 என்று போட்டிருந்தாலும் வெளிச்சத்துக்குத் தக்கபடி அது ரேட்டைக் கூட்டிக் குறைக்கும். டைம்லைனில் போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட் வைத்து மாற்றிய பிறகே எடிட்டில் சேர்த்தோம். 30-ஐ 24 ஆக்கினால் ஐந்துக்கு ஒரு ஃபிரேம் விழும். பேசும் காட்சிக்கு அதனால் பாதகமில்லை. கிணற்றைச் சுற்றி வரும் ஷாட்டில் அது துள்ளலாகத் தெரிந்ததால், அதே ஃபிரேம்களை 24 வேகத்தில் ஓடவிட்டோம். ஒன்றும் விழவில்லை, 10 வினாடி 12.5 வினாடியாக நீண்டது. அந்த நிதானம் அந்தக் கிணற்றுக்குப் பொருந்தியது. குரல் உள்ள ஷாட்டில் இதைச் செய்யாதீர்கள்.

24 ஃபிரேம் ரேட்டும் அதற்கு மிக அருகில் உள்ள 23.976 ரேட்டும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம்; மூன்று நிமிடத்தில் அது நான்கு ஃபிரேம் ஆகிவிடும். சால் கவிழும் சத்தம் தண்ணீரை விட்டு விலக அதுவே போதும்.

எக்ஸ்போர்ட் ஆனதும் ஓடவிட்டு மட்டும் பார்க்காமல், அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணுங்கள். வரைந்த ஒவ்வொரு படமும் இரண்டு, இரண்டு, இரண்டு ஃபிரேம் என்று வர வேண்டும். எங்கேயாவது மூன்று வந்தால் அந்த ஷாட்டின் ரேட்டைத் திரும்பப் பாருங்கள்.

மறுபடி காட்டியபோது அப்பாரு மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “வடம் இன்னுங் கொஞ்சம் வெரசா இறுகோணும் கண்ணு” என்றார், சாலை இழுக்கும் கயிற்றைச் சொல்லி. இரண்டே படம் மாற்றி வரைகிற வேலை. அன்று இரவே உட்கார்ந்து வரைந்தோம்.