ஓர் இன்ஜின், 24 பிளேடுகள்: கட்டாய ஆய்வு ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்

போயிங் 737-800 விமானத்தின் இன்ஜினை முன்புறமிருந்து பார்த்தால் 24 பிளேடுகள் தெரியும். டைட்டானியக் கலவையால் ஆனவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிலோ எடை. விமானம் புறப்படும் நேரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 தடவை சுழலும் இந்தப் பிளேடுகள் வெளியே பறந்துவிடாமல் பிடித்துவைப்பது அவற்றின் அடிப்பகுதி. ஆப்பு வடிவில் விரிந்த அந்த அடி, நடுச்சக்கரத்தின் பள்ளத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும். டவ்டெயில் என்று சொல்வோம். பிளேடு தன் இடத்தில் இருக்கும்வரை அந்தப் பகுதி கண்ணுக்குத் தெரியாது. அங்கே விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும்படி 2018-ஆம் ஆண்டு வந்த ஆணையை, சென்னையில் ஒரு விமானத்தில் நிறைவேற்றிக் கையெழுத்துப் போட்டவன் நான். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் என்ற முறையில் அது என் பொறுப்பாக வந்தது.

'விமானங்களில் அவசர ஆய்வு' என்று செய்தி வரும்போதெல்லாம், உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கருவியை வைத்துப் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் பறக்கவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கருவி வேலை அதில் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் எங்களை அதிகம் வாட்டியது. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆணை எங்கிருந்து வந்தது என்பது. 2016 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆர்லாண்டோவுக்குப் போய்க்கொண்டிருந்த சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் விமானம் ஒன்றில் பிளேடு ஒன்று டவ்டெயிலில் முறிந்து, விமானம் பென்சகோலாவில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. உலோகச் சோர்வால், அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால், உண்டான விரிசல் என்று தெரிந்தது. இன்ஜினைத் தயாரித்த சி.எஃப்.எம். நிறுவனம், காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி அதன் எதிரொலியால் விரிசலைக் கண்டுபிடிக்கும் மீயொலிச் சோதனை முறையை உருவாக்கிச் சுற்றறிக்கை விட்டது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதைக் கட்டாயமாக்கலாம் என்று முன்மொழிந்து கருத்துக் கேட்டது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2018 மார்ச்சில் கட்டாய ஆணையே பிறப்பித்தது. அவகாசம் ஒன்பது மாதம். அமெரிக்க முன்மொழிவு முன்மொழிவாகவே இருந்தது. ஏப்ரல் 17 அன்று நியூயார்க்கிலிருந்து டல்லஸ் கிளம்பிய சவுத்வெஸ்ட் 1380-இல் இன்னொரு பிளேடு அதே இடத்தில் முறிந்தது. இன்ஜின் உறையின் துண்டு அடித்து ஜன்னல் உடைந்தது. அதன் அருகில் இருந்த பெண் பயணி உயிரிழந்தார். கேப்டன் டாமி ஜோ ஷல்ட்ஸ் விமானத்தை ஃபிலடெல்ஃபியாவில் இறக்கினார்.

மூன்றே நாளில், ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கா அவசர ஆணை பிறப்பித்தது. 30,000 சைக்கிளைத் தாண்டிய இன்ஜின்களை 20 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். ஒரு தடவை கிளம்பி இறங்கினால் ஒரு சைக்கிள். அமெரிக்காவில் மட்டும் அப்படிப்பட்ட இன்ஜின்கள் 352 இருந்தன. மே மாதத் தொடக்கத்தில் வரம்பு 20,000 சைக்கிளுக்கு இறங்கியது. அதற்குக் கெடு ஆகஸ்ட் இறுதி. முன்மொழிவுக்கும் ஆணைக்கும் நடுவில் ஓடிப்போன அந்த எட்டு மாதத்தை என்னால் இன்றும் நிதானமாக நினைக்க முடிவதில்லை. சோதனை முறை கையில் இருந்தது. எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. இன்ஜின் ஒன்றுக்கு நான்கு மணி நேர வேலை என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தார்கள்.

அதே ரக இன்ஜின் இந்தியாவிலும் நிறைய விமானங்களில் பறந்துகொண்டிருந்தது. வடிவமைத்த நாட்டின் கட்டாய ஆணைகள் இங்கேயும் கட்டாயம், நம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி அது. தாமதித்தால் அந்த விமானத்துக்குப் பறக்கும் தகுதி கிடையாது.

எங்களிடம் வந்த இன்ஜின் 20,000 சைக்கிளை எட்டாதது. 17,000 சொச்சம்தான். பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் இது அவசரக் கெடுவுக்குள் வரவே வராது. ஆனால் ஆணை கேட்பது பிளேடின் வயதை. இன்ஜினின் வயதும் பிளேடின் வயதும் ஒன்றாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பறவை மோதினால் பிளேடு மாற்றுவார்கள். பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனால் வேறு இன்ஜினின் பிளேடுகள் வந்து உட்காரும். இந்த விமானமோ குத்தகைக்கு வந்தது. எங்களுக்கு முன்னால் வேறொரு நாட்டில் பறந்தது.

எனவே திட்டப் பிரிவு அதிகாரியும் நானும் பதிவேடுகளில் உட்கார்ந்தோம். அவர் என்னைவிட இளையவர், ஆனால் காகிதத்தில் அவருக்கு இருக்கும் கண் எனக்குக் கிடையாது. குத்தகை கைமாறும்போது வந்த ஸ்கேன் பக்கங்கள் மலைபோல இருந்தன. பெரும்பாலான பிளேடுகள் இன்ஜினோடு பிறந்தவை என்று தொடக்கத்திலேயே உறுதியாயிற்று. ஐந்தாம் இடத்திலும் பதினேழாம் இடத்திலும் இருந்த இரண்டு மட்டும் வேறு எண்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இடங்கள் அவை. பிளேடு மாற்றும்போது சமநிலைக்காக எதிரெதிர் ஜோடியாக மாற்றுவது வழக்கம் என்பதால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று உடனே புரிந்தது. தேடிப் பிடித்தோம்: பழைய நிறுவனத்தில் பறவை மோதி மாற்றியிருக்கிறார்கள். பொருத்தியவரின் கையெழுத்து இருந்தது, பட்டறை கொடுத்த சான்றிதழ் இருந்தது, பிளேடின் எண்ணும் எடைக் குறியீடும் இருந்தன. அதுவரை எத்தனை சைக்கிள் ஓடியிருந்தது என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இந்தப் பிளேடுகளுக்கு ஆயுள் வரம்பு வைக்கப்பட்டிருக்கவில்லை. இன்ஜினின் சுழலும் சக்கரங்களுக்கு இத்தனை சைக்கிள்தான் என்று வரம்பு உண்டு. அவற்றின் கணக்கைப் பிறப்பிலிருந்து வைத்தே தீர வேண்டும். பிளேடை நிலையைப் பார்த்துப் பயன்படுத்தலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று.

"இன்ஜின் கணக்கையே அந்த இரண்டுக்கும் போட்டுக்கொள்ளலாமே, சார்?" என்று இயக்கப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்கு அடுத்த வார அட்டவணைதான் கவலை. கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "அந்தப் பிளேடுகள் இங்கே வருவதற்கு முன்னால் 25,000 ஓடியிருந்தால்?" என்று திட்ட அதிகாரி கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. வயது தெரியாத பிளேடை ஆகஸ்ட் கெடுவுக்குள்ளேயே சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டுக்காக இன்ஜினைத் திறக்கும்போது 24-ஐயும் பார்த்துவிடுவோம், டவ்டெயிலுக்கு மசகு பூசும் வேலையும் நெருங்குகிறது, அதையும் சேர்த்தே முடித்துவிடுவோம் என்றேன். விமானத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

கழற்றும் வேலை நிதானமாகப் போனது. முன்கூம்பு, பின்கூம்பு, பிளேடுகளுக்கு நடுவே இருக்கும் மேடைத் துண்டுகள், அடியில் இறுக்கிப் பிடிக்கும் ஸ்பேசர், பிறகு பிளேடு. ஒவ்வொன்றும் வெளியே வரும்போது எந்த இடத்திலிருந்து வந்தது என்று அதன்மேல் குறித்து, ஸ்பாஞ்ச் போட்ட தட்டில் அதே வரிசையில் வைக்க வேண்டும். எண்ணை ஒருவர் உரக்கப் படிப்பார், ஒருவர் எழுதுவார், எழுதியவர் திருப்பிப் படிப்பார். டவ்டெயில் அருகே பொறித்திருக்கும் எண்கள் பழைய மசகு படிந்து கறுத்திருக்கும். 3-ஐயும் 8-ஐயும் பிரித்தறிய டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் அவசரப்படுத்தும் எவரையும் நான் பக்கத்தில் நிற்க விடுவதில்லை. சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எந்தப் பிளேடைச் சோதித்தோம் என்பது தவறினால் அந்த முடிவு எந்தப் பிளேடுக்கும் உரியதாகாது.

மீயொலிச் சோதனைக்குத் தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும். அதைச் செய்தவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வேலையைத் தொடங்கும் முன், செயற்கையாகக் கீறல் போட்ட மாதிரித் துண்டில் கருவியை வைத்துப் பார்த்தார். அந்தக் கீறலுக்குத் திரையில் எந்த உயரத்துக்குக் கோடு எழும்புகிறதோ, அதை வைத்துத்தான் மற்றவற்றை அளக்க வேண்டும். டவ்டெயிலைத் துடைத்து, ஜெல் தடவி, குழிந்த பக்கம், புடைத்த பக்கம் இரண்டிலும் புரோபை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். இடையிடையே மாதிரித் துண்டுக்குத் திரும்பி, கருவி நகர்ந்துவிடவில்லையே என்று சரிபார்த்தார்.

வயது தெரியாத இரண்டும் சுத்தமாக இருந்தன. பதினோராம் இடத்துப் பிளேடில், இன்ஜினோடு பிறந்து பிறப்பு முதல் கணக்கு உள்ள பிளேடில், கோடு எழும்பியது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஜெல்லைத் துடைத்தார், அந்த இடத்தை மீண்டும் சுத்தம் செய்தார், மாதிரித் துண்டைப் பார்த்தார், திரும்ப வைத்தார். அதே இடம், அதே உயரம். பிறகு சான்று பெற்ற இன்னொருவரை அழைத்து, எந்த இடம் என்று சொல்லாமல் அவரையே தேடச் சொன்னார். அவரும் அங்கேயே நின்றார். ஏற்கக்கூடிய அளவை அது தாண்டியிருந்தது. அளவைத் தாண்டினால் அந்தப் பிளேடு இனி பறக்கக் கூடாது என்பதில் ஆணை இரண்டாவது பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. சிவப்புச் சீட்டுக் கட்டித் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

அதன் பிறகுதான் காத்திருப்பு. மாற்றுப் பிளேடு என்றால் கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகும் காரியம் அல்ல. எடைக் குறியீடு பொருந்த வேண்டும், எதிரில் இருக்கும் இருபத்துமூன்றாம் இடத்தோடு சமநிலை கணக்கிட வேண்டும், வரும் பிளேடுக்கும் சான்றிதழும் சைக்கிள் கணக்கும் முழுமையாக இருக்க வேண்டும். முதலில் வரவிருந்த ஒன்றுக்குச் சைக்கிள் கணக்கு இல்லை என்று திட்ட அதிகாரி திருப்பி அனுப்பச் சொன்னார். எந்தக் குறையைத் தேடி இந்த இன்ஜினைத் திறந்தோமோ அதே குறையைப் புதிதாகப் பொருத்த முடியாது என்பது அவர் வாதம். நான் முழுமனதாக அவர் பக்கம் நின்றேன். இரத்தான பயணங்களுக்காக எத்தனை பேர் கவுன்டரில் திட்டு வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள், விசா தேதி உள்ளவர்கள் அதில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. விமானம் ஏன் நிற்கிறது என்று அவர்களிடம் 'தொழில்நுட்பக் காரணம்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் யாரும் சொல்லாததுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. 'இன்ஜின் பிளேடு ஒன்றில் சந்தேகம், மாற்றுகிறோம்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள்.

தகுதியான ஜோடி வந்தது. அவற்றையும் சோதித்தோம். டவ்டெயில்களுக்குப் புதிய மசகு பூசி, பிரித்த வரிசையிலேயே பொருத்தி, எண்களை மறுபடி படித்துச் சரிபார்த்தோம். இன்ஜினை ஓட்டி அதிர்வு அளவைப் பார்த்தோம். வரம்புக்குள் நன்றாகவே இருந்தது. பதிவேட்டில் ஆணையின் எண், 24 பிளேடுகளின் எண்கள், ஒவ்வொன்றின் முடிவு, நீக்கியவை, பொருத்தியவை எல்லாம் எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டேன்.

நீக்கிய பிளேடைப் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். அங்கே பூச்சை எடுத்துவிட்டு வேறு முறைகளில் பார்த்ததில் விரிசல் இல்லை. பூச்சு தேய்ந்து பிசிறிய இடம் அது என்று அறிக்கை வந்தது. அப்படியானால் விமானத்தை வீணாக நிறுத்திவைத்தோமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அண்ணனே பதில் சொன்னார்: "பூச்சை எடுத்த பிறகு அவர்களுக்குத் தெரிந்தது, பூச்சோடு பார்த்த எனக்குத் தெரிய வழியில்லை. நாளைக்கே இதே கோடு வந்தாலும் இதையேதான் செய்வேன்." அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

2019 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1380 விபத்தின் இறுதி முடிவை வெளியிட்டபோது நாங்கள் மூவரும் அதைச் சேர்ந்து படித்தோம். முறிந்த பிளேடு 32,000 சைக்கிளைத் தாண்டியிருந்தது. வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிட டவ்டெயிலில் அழுத்தம் அதிகம் என்பதும் தெரிந்தது. 2012-இல் அந்தப் பிளேடு பட்டறைக்குப் போனபோது ஒளிரும் சாயத்தை ஊடுருவவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்போதே விரிசல் தொடங்கியிருந்து, அது கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று வாரியம் கருதியது. நுண்விரிசலை நன்றாகக் காட்டும் மின்சுழல் சோதனையைப் பட்டறைகளில் சேர்த்தது 2016 விபத்துக்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் 3,000 சைக்கிளுக்கு ஒரு தடவை என்றிருந்த மறுசோதனை இடைவெளியையும் பின்னர் 1,600 ஆகக் குறைத்தார்கள். நாளுக்கு ஆறு தடவை பறக்கும் விமானத்துக்கு அது ஏறக்குறைய ஒன்பது மாதம். திட்ட அதிகாரி இப்போது பிளேடு ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போட்டுக் கணக்கு வைக்கிறார். குத்தகைக்கு ஒரு விமானம் வருகிறது என்றால், இன்ஜின் கணக்கைக் கேட்கும் முன் பிளேடு எண்களைத்தான் கேட்கிறார்.