ஸ்கின் ஓபில ஃபார்ம் குடுத்தா நீங்களே ஃபில் பண்ணுங்க

ஒரு வழியா பருவுக்கு ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சாச்சு, ஆனா அந்த ஒரு பக்க ஃபார்ம் படுத்துன பாடு இருக்கே. சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேர் வேணாம். சீட்டு, க்யூ எல்லாம் வழக்கம் போலதான். டாக்டரப் பாக்குறதுக்கு முன்னாடி டிஎல்க்யூஐ எடுக்கணும்னாங்க, அதான் அந்த ஃபார்ம். போன ஒரு வாரத்துல ஸ்கின் பிரச்சனையால உங்க லைஃப் எவ்ளோ பாதிச்சுதுன்னு 10 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 மார்க், மொத்தம் 30.

என் கையில குடுத்திருந்தா வேல முடிஞ்சிருக்கும். டேபிள்ல இருந்த அக்கா ஃபார்ம தன் பக்கமே வச்சுக்கிட்டு "சொல்லுமா, அரிக்குதா, வலிக்குதா"ன்னு மைக் இல்லாத குறையா கேக்குறாங்க, பின்னாடி க்யூ, பக்கத்துல அம்மா. ட்ரெஸ் விஷயத்துல பாதிக்குதான்னு கேட்டதுக்கு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அம்மா "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, இந்த வயசுல வர்ற பருதான"ன்னுட்டாங்க. முதுகு பூரா பரு, க்ளோஸ் நெக் குர்தாவத் தவிர வேற எதுவும் வாங்குறதே இல்ல நான்! "விளையாடுவியா? மாட்டல்ல, அப்ப பொருந்தாது." 9வது கேள்வி தாம்பத்யம் பத்தி, கல்யாணம் ஆகலன்னதும் அதுக்கும் அவங்களே டிக். கூட்டுனா 5. 2ல இருந்து 5 வரைக்கும் லேசான பாதிப்பாம். மீட்டிங்ல கேமராவே ஆன் பண்றதில்ல, அண்ணன் ரிசப்ஷன் ஃபோட்டோ ஒண்ணுலயும் நான் இல்ல, லேசாம்! டாக்டர் நம்பரப் பாத்தாங்க, ஒரு க்ரீம் எழுதி அனுப்பிட்டாங்க.

அடுத்த தடவ அம்மாவ விட்டுட்டுப் போய் "நானே எழுதித் தரேன்"னு கேட்டேன், முணுமுணுத்துட்டேதான் குடுத்தாங்க. 13! 11ல இருந்து 20 வரைக்கும்னா ரொம்பப் பாதிப்பு. டாக்டர் இப்பதான் நிமிர்ந்து மூஞ்சியப் பாத்தாங்க, முதுகையும் காட்டச் சொன்னாங்க. ரத்த டெஸ்ட் எடுத்துட்டு ஐசோட்ரெடினோயின்னு பருவுக்கான மாத்திரை எழுதுனாங்க (பொண்ணுங்க கவனிங்க, இத சாப்பிடும்போது கர்ப்பம் ஆகவே கூடாது).

போறவங்களுக்கு: 'பொருந்தாது'ன்னு போட்டா அதுக்கு 0தான். பருவுக்குப் பயந்து ஷட்டில் ஆடுறத விட்டிருந்தா அதுக்குப் பேரு பாதிப்பு, பொருந்தாது இல்ல. டிஎல்க்யூஐ எல்லா ஸ்கின் நோய்க்கும் பொது, பருவுக்குன்னே கார்டிஃப் இன்டெக்ஸ்னு 5 கேள்வி இருக்கு, அது போன ஒரு மாசத்தக் கேக்கும், இருந்தா கேட்டு வாங்குங்க. அதுலயும் நீச்சல் ட்ரெஸ் பத்தி ஒரு கேள்வி வரும், மெரினாவுல சுடிதாரோட கால் நனைக்கிற நமக்கு!

அப்புறம் ஸ்கோர ஓபி சீட்டுல எழுதச் சொல்லுங்க. அடுத்த விசிட்ல வேற டாக்டர் இருப்பாங்க, டிஎல்க்யூஐ ஸ்கோர்ல 4 பாயின்ட்டாவது குறைஞ்சாதான் முன்னேற்றம்னு எடுத்துக்குவாங்க, பழைய நம்பர் இல்லன்னா எதோட கம்பேர் பண்ணுவாங்க?