சீல் வைத்த கவரும் ஏப்ரல் 15-ம்

ஒன்பது விண்ணப்பம் போட்டேன். ஆறு நிராகரிப்பு. ஒன்று தேர்வுக் குழுவின் மேசைக்கே போகவில்லை. ஒன்று, 'வாருங்கள், ஆனால் காசோடு வாருங்கள்' என்றது. மிச்சமிருந்த ஒன்றில் ஏழு வாரம் காத்திருப்புப் பட்டியலில் கிடந்தேன். அமெரிக்காவில் ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி. சேர, 2025 ஆகஸ்ட் சேர்க்கைக்கு நான் விண்ணப்பித்த கதை இது. நோக்க அறிக்கை எழுதுவது எப்படி, பேராசிரியர்களைத் தேடுவது எப்படி என்றெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வழுக்கி விழுந்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துப் பல்கலைக்கழகமே தரும் சான்று. பி.ஏ., எம்.ஏ. இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் படித்தேன். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, பிடித்தால் பிடிக்கட்டும் என்று விடிகாலை பஸ் ஏறினேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்:

"டிரான்ஸ்கிரிப்டா? அதான் மார்க் ஷீட் இருக்குல்லம்மா, ஜெராக்ஸ் போட்டு அனுப்ப வேண்டியதுதான?"

"சீல் வெச்ச கவர்ல கேக்குறாங்க சார்."

"கவர் நீங்கதான் வாங்கிட்டு வரணும்."

கவர் வாங்க வெளியே ஓடி, திரும்பி வந்து, டிடியை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ரெஜிஸ்ட்ரார் பேருக்கு இருக்கு. நாங்க கன்ட்ரோலர் பேருக்குத்தான் வாங்குவோம்."

"வெப்சைட்ல ரெஜிஸ்ட்ரார்னுதான் சார் போட்டிருக்கு."

"வெப்சைட்ட நாங்களா போட்டோம்?"

அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாவது தடவை டிடி சரி, ஆனால் செக்‌ஷன் ஆபீசர் லீவு. மூன்றாவது தடவை கவர் கையில் வந்தது. ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்து, அதன் மேல் ஊதா முத்திரை, அதன் மேல் செலோ டேப். தாலி போல் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன்.

அப்புறம்தான் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளையும் நிதானமாகப் படித்தேன். நான் விண்ணப்பித்த ஒன்பதில் ஒன்றுகூட விண்ணப்பிக்கும்போது சீல் வைத்த கவர் கேட்கவில்லை. கையிலிருக்கும் மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும், இடம் கிடைத்த பிறகு அசலை அனுப்பு என்கிறார்கள். மூன்று நாள் சம்பளம் போனது போனதுதான். படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

இன்னொரு அவசரத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கல்லூரி சீனியர் அக்கா ஒருவர் சொன்னார் என்று ஜிஆர்இ என்ற அமெரிக்க மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் இலக்கியப் பாடத் தேர்வுக்குப் பழைய புத்தகம் வாங்கி ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்தேன். அந்தத் தேர்வையே 2021-இல் நிறுத்திவிட்டார்கள். பொது ஜிஆர்இயும் நான் விண்ணப்பித்த எந்தத் துறைக்கும் தேவைப்படவில்லை. ஆனால் டோஃபல் எழுத வேண்டியிருந்தது. ஐந்து வருடம் ஆங்கில இலக்கியம் படித்து, இரண்டு வருடம் அதையே பாடமும் நடத்திவிட்டு, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்கக் காசு கட்டிப் பரீட்சை எழுதினேன்.

அந்த டோஃபல்தான் என் பெயரை வைத்து விளையாடியது. நம்மில் பலருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. இனிஷியலை விரித்து எழுதவும் இல்லை. டோஃபலில் பதிவு செய்தபோது இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டேன். முதல் விண்ணப்பத்தை நிரப்பும்போது இரண்டு கட்டமும் கட்டாயம் என்றது. சரி என்று என் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரை இரண்டாவதிலும் போட்டேன். இரண்டாவது பல்கலைக்கழகத்தின் உதவிப் பக்கம்தான் வழி சொன்னது: ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று எழுத வேண்டுமாம். 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம். அம்மாவிடம் சொன்னபோது, "தெரியாதாமா? நான்தானடி வெச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு போட்ட எட்டிலும் அப்படியே போட்டேன். முதல் விண்ணப்பத்தைத் திருத்தத் தோன்றவில்லை. அது நான் உயிரை விட்டு ஆசைப்பட்ட துறை.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். ஒரு பேராசிரியை, "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். நம் ஊரில் இது சகஜம். அவர் மீது குறையில்லை. ஆனால் அங்கே கடிதம் அவருடைய மின்னஞ்சலிலிருந்து நேராகப் போக வேண்டும். அதை நான் பார்க்க மாட்டேன் என்று நானே எழுதிக்கொடுப்பதும் வழக்கம். 1974-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டப்படி மாணவருக்குத் தன் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் கடிதத்தை நம்புவார்கள். இதை விளக்கி, நான் அவரிடம் எழுதிய கட்டுரைகளின் பட்டியலையும் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவரே எழுதினார். என்ன எழுதினாரோ, இன்றுவரை தெரியாது. இன்னொருவர் ஜிமெயில் முகவரி தந்திருந்தார். கல்லூரி முகவரி வேண்டும் என்று ஓர் இணையதளம் அடம்பிடித்தது. அவருடைய கல்லூரி முகவரியின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. கணினித் துறை அட்டெண்டர் அண்ணன்தான் எங்கிருந்தோ மீட்டுக் கொடுத்தார்.

விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய மாதிரிக் கட்டுரைக்குத் தாது வருஷப் பஞ்சம் பற்றிய என் எம்.ஏ. ஆய்வேட்டை எடுத்துக்கொண்டேன். 1876 முதல் 78 வரை நடந்த அந்தப் பஞ்சத்தை ஆங்கிலேயப் பயணக் குறிப்புகள் எப்படி எழுதின என்பது பொருள். அறுபது பக்கத்தை ஒரு பல்கலைக்கழகத்துக்கு 25, இன்னொன்றுக்கு 20, மற்றொன்றுக்கு 15 என்று வெட்டியதில் நவம்பர் மாதமே போனது. டிசம்பர் 15-க்குள் பெரும்பாலானவை போய்விட்டன. கட்டணம் சராசரியாக 90 டாலர். ஒன்பதுக்கும் சேர்த்து ஏறத்தாழ 69 ஆயிரம் ரூபாய்.

அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு ஏழரை. அவர்கள் அலுவலகம் மூடும்போது நமக்கு அதிகாலை மூன்றரை. ஆக, நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, நாம் தூங்க வேண்டிய நேரத்தில்தான் வரும். ஜனவரி முழுக்க நான் தூங்கியதெல்லாம் கோழித் தூக்கம். 'உங்கள் விண்ணப்பத்தில் ஒரு மாற்றம்' என்று இரவு ஒன்றரைக்கு ஒரு மின்னஞ்சல். கை நடுங்கத் திறந்தால், 'இந்தத் துறையைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?' என்று ஒரு கருத்துக் கணிப்பு.

இத்தனை தடவை மின்னஞ்சலைப் பார்த்தவள் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. விண்ணப்பத் தளத்தில் உள்ளே நுழைந்தால், எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு பட்டியல் இருக்கும். சமர்ப்பித்தாயிற்று, முடிந்தது என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஜனவரி 28 அன்று ஏதோ தோன்றி ஒவ்வொன்றாகத் திறந்தேன். எட்டில் எல்லாம் பச்சை. முதல் விண்ணப்பத்தில் மட்டும் டோஃபல் மதிப்பெண் 'வரவில்லை'. வந்திருக்கிறது, ஆனால் வேறு பெயரில். அப்பா பெயரோடு இருக்கும் நான் ஒருத்தி, அப்பா பெயர் இல்லாத நான் இன்னொருத்தி. பாஸ்போர்ட் நகலோடு அன்றிரவே எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: முழுமையடையாத விண்ணப்பங்கள் குழுவுக்கு அனுப்பப்படவில்லை, வாசிப்பு தொடங்கிவிட்டது, கட்டணம் திரும்பத் தரப்படாது. ஆறு நிராகரிப்புகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. என் கட்டுரையைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் சரி. யாரும் படிக்கவே இல்லை. விண்ணப்பித்த பத்தாவது நாள் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பாஸ்போர்ட், டோஃபல், விண்ணப்பம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

ஒரு துறை மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. நம் நேரப்படி இரவு பன்னிரண்டரை. எல்லோரும் தூங்கட்டும் என்று சமையலறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஞ்சத்தைப் பற்றி நான் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பத்தா தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, திரையில் இரண்டு வெள்ளைக்காரர்களைப் பார்த்துவிட்டு, "இந்நேரத்துல எவன்டி கடங்காரன்?" என்றாள். பாட்டி என்ன சொன்னார் என்று அவர்கள் கேட்டார்கள். 'பாட்டி வணக்கம் சொல்கிறார்' என்று மொழிபெயர்த்தேன்.

பிப்ரவரியில் வேறொரு இடி. ஆய்வு மானியங்களில் கட்டடம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்குத் தரும் பங்கை 15 சதவீதமாகக் குறைப்பதாக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பிப்ரவரி 7 அன்று அறிவித்தது. மருத்துவ ஆய்வுப் பணத்துக்கும் ஆங்கிலத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் கஜானா ஒன்றுதானே. சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன, சில சேர்க்கையையே நிறுத்திவைத்தன. ஆங்கிலத் துறைகளில் எப்போதுமே வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள், விண்ணப்பம் நூற்றுக்கணக்கில் வரும். அதிலும் வெட்டு என்றால்? பிப்ரவரி கடைசியில் நான்கு நிராகரிப்பு, மார்ச் முதல் வாரத்தில் இரண்டு. எல்லாக் கடிதமும் ஒரே ஆள் எழுதியது போல 'இந்த ஆண்டு வழக்கத்தைவிடத் தகுதியான விண்ணப்பங்கள் அதிகம்' என்று தொடங்கும்.

நேர்காணல் செய்த துறை பிப்ரவரி 24 அன்று காத்திருப்புப் பட்டியலில் போட்டது. இன்னொன்று, பிஎச்.டி.க்கு இடமில்லை, எம்.ஏ.வுக்கு வாருங்கள் என்றது. உதவித்தொகை கிடையாது. கட்டணமும் தங்கும் செலவுமாக வருடத்துக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள், "வீட்டுப் பத்திரத்த வெச்சா ஒரு வருசத்துக்கு வருமாம், பேங்க்ல கேட்டேன்" என்றார். இலக்கியத்தில் பிஎச்.டி. என்றால் அவர்கள்தான் நமக்குச் சம்பளம் தர வேண்டும். நாம் கட்டிப் படிப்பதில்லை. கையிலேயே எம்.ஏ. இருக்கும்போது இன்னொன்றுக்கு வீட்டை அடகு வைப்பதா? அன்றைக்கே மறுத்து எழுதிவிட்டேன். அப்பா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அதற்குள் தெரு முழுக்க, "இன்னும் லெட்டர் வரலியாம்மா?" அம்மா அபிராமி அம்மனுக்கு என்ன வேண்டிக்கொண்டாள் என்று இன்னும் சொல்லவில்லை.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15-தான் எல்லாம். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்ல அந்தத் தேதி வரை அவகாசம் தருவதாகப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. மூன்று இடம் கிடைத்தவர் இரண்டை விட்டால்தான் நமக்கு வழி. பலரும் கடைசி நாள்வரை விடமாட்டார்கள். மார்ச் நடுவில், சேர்க்கையைப் பார்க்கும் பேராசிரியருக்கு நான்கு வரி எழுதினேன்: எனக்கு வேறு இடம் இல்லை, நீங்கள் கொடுத்தால் அன்றே ஒப்புக்கொள்வேன். கெஞ்சுவது போல இருக்குமோ என்று மூன்று நாள் யோசித்துவிட்டு அனுப்பியது. பட்டியலில் யாரைக் கூப்பிட்டால் உடனே வருவார் என்று தெரிவது அவர்களுக்கும் உதவிதான் என்று அவரே பிறகு சொன்னார். கூச்சப்படாமல் எழுதுங்கள். ஒரு தடவைதான், வாரா வாரம் வேண்டாம்.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கொஞ்சம் தூக்கலாகப் போய், அப்பத்தா காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாலை ஆறே முக்காலுக்கு மின்னஞ்சல் வந்தது. தளத்தைத் திறந்தால் திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் பூமாரி போலக் கொட்டின. ஐந்து வருடம் கட்டணம் இல்லை, சம்பளம் உண்டு. மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இரவு ஏழு மணிக்குள் சொல்லிவிட்டேன்.

அடுத்து, சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் கேட்டார்கள். ஆறு மாதமாகப் பீரோவில் இருந்த கவருக்கு வேலை வந்துவிட்டது என்று பெருமையாகக் கூரியரில் அனுப்பினேன். மே முதல் வாரத்தில் பதில் வந்தது: 'எம்.ஏ.வின் முதல் மூன்று பருவங்கள் மட்டுமே உள்ளன.' இரண்டாவது தாளை வைக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய கவரை நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மறுபடியும் அதே பஸ், அதே ஜன்னல், அதே ஆள். இந்தத் தடவை நான் குரலை உயர்த்தித்தான் பேசினேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார், உள்ளே போனார், அரை மணி நேரம் கழித்துத் தாள்களோடு வந்தார். "எண்ணிக்கோங்கம்மா" என்று என் முன்னால் வைத்தார். எல்லாத் தாளையும் எண்ணினேன், நான்கு பருவமும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். நீங்களும் ஒட்டுவதற்கு முன்னால் கேட்டு வாங்கிப் பாருங்கள், தருகிறார்கள். நான் கவரை எடுக்கப் பையைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மேசை டிராயரிலிருந்து ஆபீஸ் கவர் ஒன்றை எடுத்தார்.

"என் பொண்ணும் இங்கிலீஷ் லிட்ரேச்சர்தாம்மா, செகண்ட் இயர்" என்றார் பசை தடவிக்கொண்டே. "இதுக்கெல்லாம் மொதல்ல என்னம்மா பண்ணணும்?"