கூட்டுக் குடிநீர்: ஊருக்கு வந்தது எவ்வளவு?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊராட்சிகளில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்கு ஒகேனக்கல் தண்ணி வந்துச்சா?" எவ்வளவு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வம்பே அங்கேதான் தொடங்குகிறது.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்குக் காரணம் வறட்சி மட்டுமல்ல, நிலத்தடி நீரில் உள்ள ஃபுளூரைடும்தான். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனில் நடந்த திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் (மிகுதியான ஃபுளூரைடால் பல், எலும்பைத் தாக்கும் நோய்) தடுப்பும் சேர்ந்திருக்கிறது. தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் விடுவது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டிக்குக் கீழே வால்வு, தெருக்குழாய், வீட்டு இணைப்பு எல்லாம் ஊராட்சியின் தலையில். ஆக, இருவருக்கும் நடுவே உள்ள எல்லைக்கல் மேல்நிலைத் தொட்டியின் வாய்தான். அங்கே அளக்காவிட்டால், பில்லைப் பற்றியோ பற்றாக்குறையைப் பற்றியோ பேசக் கையில் ஒன்றும் இருக்காது.

மீட்டர் இல்லாமலும் அளக்கலாம். தொட்டியின் உள்விட்டம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 19.6 சதுர மீட்டர். அப்படியானால் மட்டம் 1 செ.மீ. ஏறினால் 196 லிட்டர் வந்திருக்கிறது. வெளியேறும் வால்வை முழுக்க மூடுங்கள். போர்வெல் தண்ணீரும் இதே தொட்டிக்கு ஏறுகிறது என்றால் அந்த மோட்டாரையும் நிறுத்துங்கள். மேல்மூடியின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப்பில் அளந்து எழுதுங்கள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். 35 செ.மீ. ஏறியிருந்தால் மணிக்கு ஏறத்தாழ 6,870 லிட்டர். தண்ணீர் வரத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் மட்டும் அளக்காதீர்கள். காலியாகக் கிடந்த குழாய் நிரம்பும் நேரம் அது, ஓட்டம் சீராக இருக்காது.

இனி ஊர்க் கணக்கு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 2,000 பேர் உள்ள ஊருக்கு 1,10,000 லிட்டர் வேண்டும். மேலே அளந்த வேகத்தில் 16 மணி நேரம் வந்தால்தான் அது நிறையும். 8 மணி நேரம்தான் வருகிறது என்றால் ஆளுக்கு 27 லிட்டர். மீதியை எங்கே ஈடுகட்டுகிறார்கள்? போர்வெல்லைப் போட்டு அதே தொட்டியில் கலக்கிறார்கள்.

ஆற்று நீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 0.4 மி.கி., போர்வெல்லில் 2.6 என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சரிபாதியாகக் கலந்தால் 1.5. இந்தியத் தர நிர்ணயம் வேறு வழியே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உச்ச அளவு அது. விரும்பத்தக்க அளவு 1.0 தான். வரத்து 6 மணி நேரமாகக் குறைந்த நாளில் அதே கலவை 1.8-ஐத் தொடும். குழாயில் வருவது "ஒகேனக்கல் தண்ணி" என்று நம்பித்தான் ஊர் குடிக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. நீர் சுண்டச் சுண்ட ஃபுளூரைடின் அடர்த்தி கூடும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், ஃபுளூரைடை நீக்காது.

தெருவோர மினி பவர் பம்ப் தொட்டிக்குப் போர்வெல்லைத் திருப்பிவிட்டு, துவைக்க, கழுவ, மாட்டுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியில் ஆற்று நீர் மட்டும். 27 லிட்டரானாலும் குடிக்கவும் சமைக்கவும் அது தாராளம். ஒரே தொட்டி, ஒரே குழாய் என்று சிக்கனம் பார்ப்பதுதான் பல இடங்களில் திட்டத்தையே வீணாக்குகிறது.

மீட்டர் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். பம்பிங் நின்றதும் பிரதானக் குழாயில் உள்ள நீர் பள்ளத்தை நோக்கி வடிந்துவிடும். மறுபடி தொடங்கும்போது முதலில் வருவது காற்று, அதற்கும் மீட்டர் சுற்றும். அதைத் தடுக்கத்தான் மீட்டருக்கு முன்னால் ஏர் வால்வு. அதற்குள் இருக்கும் பந்து துருவில் ஒட்டிக்கொண்டால் காற்று வெளியேறாது. தொட்டியில் 8,000 லிட்டர் ஏறியிருக்கும்போது மீட்டர் 10,000 காட்டினால் முதலில் அந்த வால்வைப் பாருங்கள். மீட்டருக்கு முன் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கும் பின் ஐந்து மடங்கும் வளைவு இல்லாத நேர்க்குழாய் இருப்பது நல்லது. 80 மி.மீ. குழாய்க்கு 80 செ.மீ., 40 செ.மீ. வளைவை ஒட்டிப் பொருத்திய மீட்டரின் கணக்கு நம்பத்தக்கதல்ல.

கடைமடைப் பிரச்சினை இதைவிடப் பெரிது. ஒரே கிளைக் குழாயில் பள்ளத்து ஊருக்கு அழுத்தம் அதிகம், அள்ளிக்கொள்ளும். மேட்டு ஊருக்கு மிச்சம்தான். இதைச் சமன் செய்யவே ஒவ்வொரு தொட்டி வாயிலும் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு. இரவோடிரவாக யாராவது அதைக் கழற்றிவிட்டால் கடைசி ஊர் காயும். அதற்குப் பதிலாக கேட் வால்வைப் பாதி மூடி வைப்பதும் தவறு. முழுக்கத் திறக்க, முழுக்க மூட மட்டுமே செய்யப்பட்டது அது. பாதியில் நிறுத்தினால் தகடு அதிர்ந்து தேய்ந்து, பிறகு மூடவே மூடாது.

சிக்கனம் என்றதும் சுவரில் வாசகம் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் தொட்டி வழிவதை நிறுத்துங்கள். மேலே சொன்ன வேகத்தில் ஒரு மணி நேரம் வழிந்தால் 125 பேருடைய ஒரு நாள் பங்கு தரையில். உள்வரும் குழாயில் மிதவை வால்வு போட்டால், உங்கள் தொட்டி நிறைந்ததும் அந்த நீர் அடுத்த ஊருக்குப் போகும். வாரியத்திடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். லைனில் அழுத்தம் ஏறும் இடங்களில் அவர்களுடைய யோசனை தேவை.

தெருக்கசிவை இரவு 2 மணிக்குப் பாருங்கள். முந்தின நாளே மைக்கில் சொல்லி வீட்டுக் குழாய்களை மூடச் செய்து, வரத்தை அடைத்து, வெளி வால்வை மட்டும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். தெருக்குழாய் நிரம்பத் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கும். அது நின்ற பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் அது கசிவு, அல்லது சொன்ன பேச்சைக் கேட்காத குழாய். வீட்டில் டுல்லு மோட்டார் வைத்து உறிஞ்சுவதைச் சும்மா விடக்கூடாது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் தாழ்ந்து, விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும்.

ஒரு நோட்டு போதும்: தேதி, வரத்து தொடங்கிய நேரம், நின்ற நேரம், இரு மட்டங்கள், மீட்டர் எண்கள், கடைசித் தெருக்குழாயில் குளோரின். அந்தக் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் கீழே இருந்தால் அன்றே கவனிக்க வேண்டும். 30 நாள் எழுதிய பிறகு வாரியத்தின் உதவி நிர்வாகப் பொறியாளரிடம் போய், திட்ட அறிக்கையில் உங்கள் குடியிருப்புக்கு ஒதுக்கிய அளவைக் கேளுங்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: குழாய்களை 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகைக்கும், பம்புகளை 15 ஆண்டுக்கும் கணக்கிடுவது வழக்கம். பெரிய எண்ணைக் காட்டிச் சண்டை போடாமல், இந்த ஆண்டுக்கு உரிய அளவு எது என்று கேளுங்கள். அதையும் நோட்டில் உள்ள சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்து, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புங்கள்.