இரத்தப் புற்றுநோயைச் சமன்பாடுகளில் எழுதிப் பார்த்த அனுபவம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆண்டில் என் நெறியாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையை என் கையில் கொடுத்து, “இதை முதலில் நீங்களாகவே கணக்கிட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்” என்றார். டென்மார்க்கின் ரொஸ்கில்டே பல்கலைக்கழகக் கணிதவியலாளர்களும் அந்நாட்டு இரத்தநோய் மருத்துவர்களும் சேர்ந்து 2017ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை அது. எலும்பு மஜ்ஜையில் மெதுவாக வளரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்களுக்கும் உடலில் நாட்பட நீடிக்கும் அழற்சிக்கும் உள்ள உறவை அவர்கள் ஆறு வகைக்கெழுச் சமன்பாடுகளில் எழுதியிருந்தார்கள். கேன்சர் என்ற சொல்லோடு, மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும் ‘ஐட்டிஸ்’ என்ற விகுதியைச் சேர்த்து அந்தக் கணித மாதிரிக்குக் கேன்சைட்டிஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். நான் படித்தது தூய கணிதம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியல் பாடத்தைத் தொட்டதே இல்லை.

முதல் மாதம் முழுவதும் சமன்பாடுகளை விட்டுவிட்டு நோயைப் புரிந்துகொள்ளச் செலவிட்டேன். சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் ஆகிய எல்லாமே மஜ்ஜையில் இருக்கும் மிகச் சில குருத்தணுக்களிலிருந்து பிறக்கின்றன. அந்தக் குருத்தணு ஒன்றில் ஏற்படும் சடுதி மாற்றம், அதன் வாரிசுகள் அனைத்தையும் அளவுக்கு மீறிப் பெருகச் செய்வதுதான் இந்நோய்களின் பொது இயல்பு. அமெரிக்க மருத்துவர் வில்லியம் டேமஷெக் 1951ஆம் ஆண்டிலேயே இவற்றை ஒரே குடும்பமாகக் கண்டார். ஆனால் ஜாக்-2 என்னும் மரபணுவின் மாற்றம் 2005ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 617ஆவது இடத்தில், வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற வேறொன்று அமர்ந்துவிடுகிறது. அதனால் ‘பெருகு’ என்னும் கட்டளை, வெளியிலிருந்து யாரும் கொடுக்காமலேயே அணுவுக்குள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. சிவப்பணுக்கள் மிகையாகும் பாலிசைத்தீமியா வேரா நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்த மாற்றம் காணப்படுகிறது.

இவை படித்துத் தெரிந்துகொண்டவை. கண்ணால் பார்த்தது ஒரு மருத்துவமனையின் இரத்தநோய்ப் பிரிவில். அங்கிருந்த மூத்த மருத்துவர் ஒருவர், பெயர் மறைக்கப்பட்ட ஒரு நோயாளியின் இரத்தம் ஏற்றிச் சுழற்றிய நுண்குழாயை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்புத் தூண், அதன் தலையில் நூலிழை போல வெள்ளையணுப் படலம், அதற்கு மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். சிவப்புத் தூண் குழாயின் பாதி உயரத்தைத் தாண்டியிருந்தது. “இதை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், தம்பி, இல்லாவிட்டால் இரத்தம் எங்கே கட்டி தட்டும் என்று சொல்ல முடியாது” என்றார். அதற்காக அந்த நோயாளியிடமிருந்து அவ்வப்போது ஊசி வழியாக இரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அன்று முதல், சமன்பாட்டில் ஒரு மாறியை எழுதும்போதெல்லாம் அந்தச் சிவப்புத் தூணின் உயரம் என் நினைவில் நின்றது.

பிறகுதான் ஆறு சமன்பாடுகளுக்குத் திரும்பினேன். நலமான குருத்தணுக்கள், அவற்றிலிருந்து முதிர்ந்த அணுக்கள், நோயுற்ற குருத்தணுக்கள், அவற்றிலிருந்து முதிர்ந்த அணுக்கள், இறந்த அணுக்களின் குவிப்பு, அழற்சியின் அளவு என மாறிகள் ஆறு. மஜ்ஜையில் இடம் குறைவு என்பதால் இருவகைக் குருத்தணுக்களும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நோயுற்றவை அந்த நெருக்கடிக்குக் குறைவாகவே அஞ்சுகின்றன. அணுக்கள் இறக்க இறக்க, அந்தக் குப்பையை அள்ளும் நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டு அழற்சி கூடுகிறது. கூடிய அழற்சி, குருத்தணுக்களை மேலும் பெருகத் தூண்டுவதோடு சடுதி மாற்றத்துக்கான வாய்ப்பையும் உயர்த்துகிறது. இவற்றுக்கு மேல், புகைபிடித்தல், தீராத தொற்று போன்றவற்றால் வெளியிலிருந்து வரும் அழற்சித் தூண்டல் அழற்சியின் சமன்பாட்டில் ஒரு தனி உறுப்பாக நிற்கிறது. நாட்பட்ட அழற்சி இந்நோயின் விளைவு மட்டுமன்று, அதைத் தொடக்கி வளர்க்கும் காரணமும் ஆகலாம் என்று டேனிஷ் மருத்துவர் ஹான்ஸ் ஹாசல்பால்க் முன்வைத்த கருத்தின் கணித வடிவம்தான் இது.

கணினியில் ஏற்றியதும் சோதனைகள் தொடங்கின. காலத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கணக்கிடும், கல்லூரியில் எல்லோரும் கற்கும் ரங்கே–குட்டா முறையைத்தான் முதலில் பயன்படுத்தினேன். நிரல் இரவெல்லாம் ஓடியும் நோயாளியின் வாழ்நாளில் சில மாதங்களைக்கூடத் தாண்டவில்லை. படியின் அளவைக் கூட்டினால் இறந்த அணுக்களின் எண்ணிக்கை குறையெண்ணாக மாறியது. காரணம் இந்தச் சமன்பாடுகளின் இயல்பிலேயே இருந்தது. அழற்சியின் அளவு மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் மாறுவது. நோயுற்ற குருத்தணுக்களின் வளர்ச்சியோ பத்தாண்டுக் கணக்கில் நடப்பது. இரண்டு கடிகாரங்களும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பில் இருப்பதால், வேகமான கடிகாரத்துக்கு ஏற்ற நுண்ணிய படிகளிலேயே மெதுவான கடிகாரத்தின் நாற்பது ஆண்டுகளையும் கடக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய சமன்பாடுகளை எங்கள் துறையில் ‘ஸ்டிஃப்’ என்போம். அவற்றுக்கென்றே அமைந்த உள்ளுறை (இம்ப்ளிசிட்) முறைக்கு மாறியதும், இரவு முழுவதும் எடுத்த கணக்கு சில விநாடிகளில் முடிந்தது.

முடிந்த கணக்கு தவறாக இருந்தது. பல்லாண்டு எடுக்க வேண்டிய நோய், வரைபடத்தில் சில வாரங்களுக்குள் மஜ்ஜையை நிரப்பிவிட்டது. ஒரு விகிதத்தை ஆண்டுக்கு என்ற அலகில் குறித்துக்கொண்டு, நாளுக்கு என்ற அலகில் ஓடும் நிரலில் அப்படியே உள்ளிட்டிருந்தேன். 365 மடங்கு பிழை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுண்டு. முதலில் நோயுற்ற அணுக்களைச் சுழியாக வைத்துவிட்டு, நலமான உடல் ஒன்று தன் சமநிலையில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நலமான உடலைக் காட்டத் தெரியாத நிரல் நோயைக் காட்டுவதில் பொருளில்லை.

எனக்கு உண்மையான தெளிவு பிறந்தது அதற்கடுத்த கட்டத்தில்தான். தொல்லை கொடுத்த அந்த இரண்டு கடிகாரங்களையே துணையாகக் கொள்ளலாம் என்று நெறியாளர் சுட்டிக்காட்டினார். மெதுவான கடிகாரத்தின் பார்வையில் வேகமாக மாறும் அளவுகள் எப்போதும் தம் சமநிலையை அடைந்துவிட்டவையாகவே தெரியும். எனவே முதிர்ந்த அணுக்கள், இறந்த அணுக்கள், அழற்சி ஆகியவற்றின் மாறுவிகிதங்களைச் சுழி என்று வைத்தால், ஆறு சமன்பாடுகளும் இருவகைக் குருத்தணுக்களுக்கான இரண்டு சமன்பாடுகளாகச் சுருங்கிவிடும். விடுதி அறையில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, இறந்த அணுக்களுக்கான மாறியைச் சமன்பாடுகளிலிருந்து நீக்கினேன். அழற்சிக்கு ஓர் இருபடிச் சமன்பாடு கிடைத்தது. அதன் தீர்வுகளில் ஒன்று குறையெண். அழற்சி குறையெண்ணாக இருக்க முடியாது என்பதால் அதை விலக்கினேன். எஞ்சிய ஒரே தீர்வில், வெளியிலிருந்து வரும் தூண்டல் வர்க்கமூலத்துக்கு வெளியே ஒருமுறையும், உள்ளே தன் வர்க்கமாக ஒருமுறையும் இருந்தது. நாள்தோறும் இறக்கும் அணுக்களின் எண்ணிக்கையோ வர்க்கமூலத்துக்குள் மட்டுமே இருந்தது.

இந்த ஒரு வரியை நான் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். நோய் இன்னும் சிறிதாக இருந்து அணுச்சாவு குறைவாக இருக்கும்போது, உடலின் அழற்சி பெரும்பாலும் வெளித்தூண்டலையே பின்பற்றுகிறது. அதை ஒரு பங்கு குறைத்தால் அழற்சியும் ஏறத்தாழ அதே பங்கு குறைகிறது. நோயுற்ற அணுக்கள் பெருகி, அவற்றின் சாவே அழற்சியின் பெரும்பகுதியை உண்டாக்கத் தொடங்கிய பிறகு, வெளித்தூண்டலில் ஓர் அலகைக் குறைப்பதால் கிடைக்கும் பலன் முன்பு கிடைத்ததில் பாதியை நோக்கி இறங்குகிறது. மொத்த அழற்சியில் அதன் பங்கோ அதைவிடவும் வேகமாகத் தேய்கிறது. நோய் தன் விறகைத் தானே வெட்டிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது என்பதை அந்த வர்க்கமூலக் குறி எனக்குக் காட்டியது. ஆறு சமன்பாடுகளின் வரைபடங்களை நூறு முறை வரைந்தும் இது என் கண்ணில் படவில்லை.

மாதிரியைத் தரவுகளோடு பொருத்தும் பகுதி இவ்வளவு நிறைவு தரவில்லை. நோயுற்ற ஜாக்-2 மரபணு இரத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதை மாதங்கள் இடைவெளியில் அளந்த, ஏற்கெனவே வெளியான சில தரவுகளை எடுத்துக்கொண்டேன். வளைகோடு புள்ளிகளின் மேல் அழகாகப் படிந்தது. ஆனால் நோயுற்ற குருத்தணுவின் பெருக்க விகிதத்தையும் இறப்பு விகிதத்தையும் சேர்த்து உயர்த்தினாலும் ஏறத்தாழ அதே வளைகோடுதான் வந்தது. தொடக்க வளர்ச்சியில் இரண்டின் வேறுபாடு மட்டுமே வெளியே தெரிகிறது. ஐந்தாறு புள்ளிகளைக் கொண்டு இரண்டையும் தனித்தனியே அறிய முடியாது. இதை மறைத்து, பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதுவது நோயாளிகளுக்குச் செய்யும் தீங்கு என்றே கருதுகிறேன். ஆகவே அந்த அத்தியாயத்தில் தனி அளவுருக்களுக்கு மதிப்புத் தராமல், உறுதியாக அறிய முடிந்த கூட்டு அளவுகளுக்கு மட்டுமே மதிப்புத் தந்தேன்.

முடிவுகளை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரைப் பார்க்கப் போனேன். “இவருக்கு மஜ்ஜை நாராக மாற இன்னும் எத்தனை ஆண்டு ஆகும் என்று உங்கள் கணக்கு சொல்லுமா?” என்பதே, அன்று காட்டிய நுண்குழாய்க்குரிய நோயாளியை மனத்தில் வைத்து அவர் கேட்ட முதல் கேள்வி. சொல்லாது என்றேன். நோய் முற்றி மஜ்ஜை நார்த்திசுவாக மாறுவதற்கு மாதிரியில் ஒரு மாறியே இல்லை. இருந்திருந்தாலும் தனி ஒருவருக்கு ஆண்டுக் கணக்கு சொல்லும் அளவுக்குத் தரவுகள் இல்லை. அழற்சி முந்தியதா, சடுதி மாற்றம் முந்தியதா என்பதையும் இது நிரூபிக்காது. இரண்டு வழியிலும் நோய் வளரக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறது. அவர் சற்று யோசித்துவிட்டு, வெளித்தூண்டலை இன்றே பாதியாக்கினால் என்ன ஆகும், பத்தாண்டு கழித்துப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். இரண்டு வளைகோடுகளையும் அவர் மேசையிலேயே ஓட்டிக் காட்டினேன். முதலாவது வெகுநாள் தாழ்ந்தே சென்றது. இரண்டாவது சற்றுத் தயங்கிவிட்டுப் பழைய பாதைக்கு அருகிலேயே ஏறியது. அவர் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டால்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இரண்டு சமன்பாடுகளால் நம்பத்தக்க விடை தர முடியாது. ஒரு வாரத்துக்குள் ஏறி இறங்கும் தூண்டலின்போது, வேகமான அளவுகள் எப்போதும் சமநிலையில் இருக்கின்றன என்ற என் அனுமானமே தளர்ந்துவிடுகிறது. சுருக்கிய வடிவம் எத்தனை நாளுக்குக் குறையாத காய்ச்சலுக்குச் செல்லுபடியாகும் என்று கண்டறிய, முதலாண்டில் எழுதிய ஆறு சமன்பாட்டு நிரலை மறுபடியும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.